எல்லைப்புறத்தில் பணியுறவுச் சொற்கள்: மனிதவள மேலாண்மைக் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஒரு மதிப்பீடு

மேலாண்மையியல் நூல்கள் தமிழில் வெளிவரத் தொடங்கிய காலத்திலிருந்து, அத்துறைக் கலைச்சொல்லாக்கம் ஆங்கிலம், தமிழ் என்னும் இரு மொழிகளுக்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதற்கு நேரான தமிழ்ச்சொல் ஒன்று படைக்கப்படுகிறது. அது பொருந்துகிறதா என்பதே திறனாய்வாளர் எழுப்பும் வினா. சென்னைக்கும் மதுரைக்கும் இவ்வினா போதுமானதாக இருக்கலாம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அது போதாது. அங்கே ஒரு தொழிலாளியின் பணிவாழ்வைப் பற்றிய சொல் ஒவ்வொன்றும் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. வீட்டுத் தமிழிலிருந்து ஒன்று, அலுவலக மலையாளத்திலிருந்து ஒன்று, எல்லை கடந்து மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் பயிலும் பிள்ளைகள் கொண்டுவரும் பாடநூல் தமிழிலிருந்து மற்றொன்று.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் உள்ள பேச்சுக்கும் அப்பால் பாறசாலை, காரோடு, குளத்தூர்ப் பகுதிகளில் உள்ள பேச்சுக்கும் இடையே காதால் கேட்டு எல்லை வகுப்பது எளிதன்று. ஆனால் அலுவலகத்தில் ஒட்டப்படும் அறிவிப்பு, கொடுக்கப்படும் குறிப்பாணை, நிரப்பப்படும் படிவம் ஆகியவை அன்றிலிருந்து வேறு வேறு மொழிகளில் அமைந்தன. நிறுவனத்திற்கும் அதில் பணிபுரிவோருக்கும் இடையேயுள்ள உறவு இத்தகைய தாள்களாலேயே நடைபெறுவதால், சொற்பொருத்தம் பற்றிய ஆய்வு இப்பகுதியில் வெறும் அகராதிச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

முதலில் துறையின் பெயரையே நோக்கலாம். மனிதரை ஒரு வளமாகக் கருதும் வழக்கு மேலாண்மையியலில் பரவுவதற்குப் பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூல் பெரிதும் துணைசெய்தது. இந்தியாவில் 1985இல் நடுவணரசின் கல்வி அமைச்சகம் இப்பெயரை ஏற்றது. 2020இல் மீண்டும் கல்வி அமைச்சகம் என்றே பெயர் மாற்றம் பெற்றது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்திய மொழிகள் அனைத்தும் இத்தொடரைப் பெயர்த்தாக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. தமிழ் ‘மனிதவளம்’ என்றது. மலையாளம் ‘மானவவிபவசேஷி’ என்றது. இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தமிழில் ‘வளம்’ என்பது நிலவளம், நீர்வளம், கனிமவளம் என இயற்கைப் பொருள்களோடு ஒட்டி வரும் சொல். எடுத்துப் பயன்படுத்துவதற்காகக் கிடப்பது என்னும் குறிப்பு அதில் உண்டு. மலையாளத் தொடரில் ‘விபவம்’ என்பது வளத்தைக் குறிக்க, அதனோடு சேர்ந்த ‘சேஷி’ ஆற்றலைச் சுட்டுகிறது. ஆற்றல் என்பது ஆளை விட்டுப் பிரியாதது. அது அவருடையதாகவே நிற்பது. மூலத்தில் இல்லாத இச்சொல்லைச் சேர்த்த மலையாள மொழிபெயர்ப்பாளர் எக்கருத்துடன் அவ்வாறு செய்தாரோ, விளைவில் அது தமிழ்த் தொடரைக் காட்டிலும் மனிதருக்கு மதிப்பளிப்பதாக அமைந்துள்ளது. (வைணவ நூல்களில் பழகிய தமிழ் வாசகருக்குச் ‘சேஷி’ என்பது ஆண்டானையே குறிக்கும், உடைமையாகிய உயிர் ‘சேஷன்’. அப்பொருளில் படித்தால் தொழிலாளியே தலைவனாகிவிடுகிறான்.)

‘மேலாண்மை’ என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. மேலிருந்து ஆளுதல் என்னும் பொருள் அதன் உறுப்புகளிலேயே வெளிப்படையாக உள்ளது. இலங்கைத் தமிழ் இதற்கு ‘முகாமைத்துவம்’ என்றும், பணியாளர் தொகுதிக்கு ‘ஆளணி’ என்றும் வழங்குகிறது. தமிழகத்தில் முன்பு வழங்கிய ‘பணியாளர் நிருவாகம்’ என்னும் தொடர் பழமையானதென ஒதுக்கப்பட்டபோது, ஆளைக் குறிக்கும் சொல்லே துறைப்பெயரிலிருந்து நீங்கிற்று என்பதைக் கலைச்சொல் தொகுப்புகள் கண்டுகொண்டதாகத் தோன்றவில்லை. இலங்கை வழக்கில் ‘ஆள்’ இன்றும் நிற்கிறது.

பெயரளவிலான இக்குறைகள் பொறுக்கத்தக்கவையே. இடர்ப்பாடு மிகுவது அன்றாடப் பணியுறவுச் சொற்களில்தான்.

பாறசாலையில் ஒரு பணியாளர் விடுப்பு வேண்டும்போது எழுதுவது ‘அவதி அபேக்ஷ’. தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் இதைத் துன்பத்தின்மேல் கொண்ட ஆசை என்று பொருள் கொள்ள நேரும். ‘அவதி’ என்னும் வடசொல்லுக்கு எல்லை, காலவரை என்பன மூலப்பொருள்கள். மலையாளம் காலவரையைப் பற்றிக்கொண்டு குறித்த நாள், பணியில்லா நாள் என வளர்த்துச் சென்றது. தமிழ் வழக்கில் துன்பம் என்னும் பொருளே நிலைத்தது. ‘அபேக்ஷ’ மலையாளத்தில் விண்ணப்பம். தமிழில் ‘அபேட்சை’ விருப்பம். தேர்தலில் நிற்பவரை ‘அபேட்சகர்’ என்ற பழந்தமிழ் வழக்கு மலையாளப் பொருளுக்கு நெருங்கி வந்து பின் வழக்கொழிந்தது. ‘வேதனம்’ அங்கே ஊதியம். இங்கே ‘வேதனை’யை நினைவூட்டும் சொல். ‘கைக்கூலி’ மலையாளத்தில் இன்றும் கையூட்டு. தமிழில் அப்பொருள் மங்கி, பிறருக்காக ஏவல் செய்பவரைப் பழிக்கும் சொல்லாயிற்று. மேலதிகாரி ஒருவர் கைக்கூலி என்னும் மலையாளச் செய்தித் தலைப்பை அப்படியே தமிழில் ஏற்றினால், குற்றச்சாட்டே வேறாகிவிடும்.

எல்லைப்புற மக்கள் இச்சொற்களில் இடறுவதில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். அவர்கள் காதுக்கு ‘அவதி’ இரண்டும் பழக்கமே. இடறுபவர் மொழிபெயர்ப்பாளர். அவர் சென்னை அலுவலகத் தமிழைக் கொண்டு ‘தற்செயல் விடுப்பு’ என்றும் ‘ஈட்டிய விடுப்பு’ என்றும் எழுதும்போது, மலையாளத் தாளைவிடத் தமிழ்த் தாள் அப்பணியாளருக்குக் கடினமாகிறது. ‘தற்செயல் விடுப்பு’ம் மலையாள ‘ஆகஸ்மிக அவதி’யும் ஒரே ஆங்கிலத் தொடரின் இரு நிழல்கள்; வீட்டில் அதனை யாரும் ‘காஷுவல் லீவு’ என்பதன்றி வேறு பெயரால் அழைப்பதில்லை. தமிழ்ப்படுத்தம் வாசகருக்காகச் செய்யப்படுகிறதா, தமிழுக்காகச் செய்யப்படுகிறதா என்னும் வினா இங்கு எழுகிறது. தற்போதைய தொகுப்புகளைக் கொண்டு விடைகூறின், பெரும்பாலும் பின்னதற்காகவே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வினாவின் பின்னே சட்டம் நிற்கிறது. 1946ஆம் ஆண்டின் தொழில்துறை வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் ஒட்டிவைக்க வேண்டும் என்று 9ஆம் பிரிவில் விதித்தது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலமெல்லாம், ஓர் ஆலையின் வாசலுக்குள் பெரும்பான்மை எது என்பதே ஒட்டப்படும் தாளின் மொழியைத் தீர்மானித்தது. சிறுபான்மையினருக்கு அத்தாளைப் படித்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்றும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் அவ்வாறே செய்யலாம் என்றும், மறுமொழியும் அம்மொழியிலேயே அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. ஆக, திருவனந்தபுரத்துத் துறைத் தலைவருக்குத் தமிழில் எழுதும் உரிமை எவ்வூரார்க்கும் உண்டு; தெருமுனையிலுள்ள அலுவலகத்திற்கு எழுதும் உரிமை பகுதி அறிவிப்பைப் பொறுத்தது. மறுமொழியைத் தமிழில் எழுதப்போகும் அலுவலர் எந்தத் தமிழில் எழுதுவார் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அது மொழிபெயர்ப்பாளருக்கு விடப்பட்ட பொறுப்பு.

பணிபுரிபவரைக் குறிக்கும் சொற்களுள் இப்பகுதியில் மிக நீண்ட வரலாறு உடையது ‘ஊழியம்’. இன்றைய தமிழில் ‘ஊழியர்’ என்பது உறுத்தல் இல்லாத பொதுச்சொல். அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஊழியர் சங்கம் என எங்கும் வழங்குகிறது. திருவிதாங்கூரின் ஆவண மொழியிலோ ‘ஊழியம்’ என்பது கூலியின்றி அரசுக்கும் கோயிலுக்கும் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பின் பெயர். அது சாதியின் அடிப்படையில் விதிக்கப்பட்டது. நாடார், ஈழவர் முதலிய சமூகத்தார் சுமை தூக்கவும் பொருள் கொண்டு சேர்க்கவும் அழைக்கப்பட்டனர். 1810 முதல் 1819 வரை ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறித்தவரானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திலிருந்து விலக்குப் பெற்றனர். வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்னும் பணியுரிமை இப்பகுதியில் சமய விலக்காகவே முதலில் நுழைந்தது என்பது பணியுறவு வரலாறு எழுதுவோர் கருதத்தக்கது. 1855இல் அடிமை முறை அரசாணையால் ஒழிக்கப்பட்டது. ஊழிய முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாகத் தேய்ந்தது.

அதே நூற்றாண்டில், அதே ஊர்களில், அதே சொல் மற்றொரு வாழ்வையும் தொடங்கிற்று. இலண்டன் மிஷனின் தமிழில் ‘ஊழியம்’ இறைப்பணி, ‘ஊழியக்காரர்’ மதிப்பிற்குரியவர். பாறசாலைப் பகுதியின் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனார் ஊழியத்திற்கு அஞ்சி ஒளிந்திருக்க, பேரன் ஊழியத்திற்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருக்கக் கூடும். வற்புறுத்தப்பட்டதும் விரும்பி ஏற்றதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிய இந்நிலை, பொருண்மை மாற்றம் பற்றிய நூல்களில் காட்டப்படும் இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்னும் பாகுபாட்டில் அடங்குவதில்லை. இரு பொருளும் ஒரே காலத்தில், ஒரே மக்களிடையே இயங்கின. மூன்றாவதாக இருபதாம் நூற்றாண்டில் தமிழகத் தொழிற்சங்கங்களின் வழியாக ‘ஊழியர்’ என்பது உரிமை கோருபவரின் பெயராயிற்று. மலையாளம் இப்பாதையில் வரவில்லை. அது ‘ஜீவனக்காரன்’ என்றது. ஜீவனம் நடத்துபவன், அதாவது அவ்வேலையால் பிழைப்பவன் என்பது அதன் பொருள். கட்டாய ஊழியத்தின் நினைவு அழியாத ஒரு நாட்டில் அலுவலரை அப்பெயரால் அழைக்க மனம் வராதது இயல்பே. 

தமிழ்த் தொகுப்புகள் தற்காலத்தில் விரும்பும் ‘பணியாளர்’ என்பதும் எல்லையில் சிக்கலற்றதன்று. மலையாளத்தில் ‘பணி’ பெரும்பாலும் உடலுழைப்பு; ‘பணிக்காரன்’ கூலியாள். மாவட்ட அலுவலர் முதல் காவலாளி வரை அனைவரையும் ‘பணியாளர்’ என்று தமிழ் அறிவிப்பு சொல்லும்போது, அதனை மலையாளக் காதோடு கேட்பவர் அதில் அலுவலரைக் காண்பதில்லை. ‘அலுவலர்’ என்பதற்கோ மலையாளத்தில் உறவுச்சொல்லே இல்லை.

ஊழியம் பற்றிய பேச்சில் அய்யன்காளியின் (1863–1941) பெயரைத் தவிர்க்க இயலாது. அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அவர், 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்பட்டபோது பண்ணையாட்கள் வயலில் இறங்க மறுத்த போராட்டம் அவரது தலைமையில் நிகழ்ந்தது. ‘பரிபாலனம்’ என்பது திருவிதாங்கூரில் அரசன் செய்வது. ஆளுகையும் காப்பும் அதில் ஒன்று. அச்சொல்லை அடித்தளத்து உழைப்பாளர் தம் அமைப்பிற்குச் சூட்டியது தற்செயலாக இருக்க முடியாது. மேலாண்மைக்கு நேராக ஒரு சொல் தேடிய பிற்காலக் கலைச்சொல்லாளர் எவரும் இதனைக் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்து ‘நிறுவன நடத்தை’. இது தமிழ்ப் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட தொடர். ‘நடத்தை’ என்னும் சொல் தமிழில் ஒழுக்க மதிப்பீட்டை உடன் கொண்டது. நன்னடத்தைச் சான்றிதழ், நடத்தை விதிகள், நடத்தை கெட்டவர் என்னும் வழக்குகளை நோக்குக. ஒருவர் எவ்வாறு செயல்படுகிறார் என்று ஆராயும் அறிவியலுக்கு, அவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று கேட்கும் சொல் பெயராகிவிட்டது. மலையாளம் இங்கு ‘பெருமாற்றம்’ என்கிறது. தமிழ் வாசகர் இதனைப் பெரிய மாற்றம் என்று படிப்பார். ‘பெருமாற்றச்சட்டம்’ என்னும் தேர்தல் நடத்தை விதித்தொகுதி அவருக்குப் புரட்சிச் சட்டம்போல் ஒலிக்கும். ஆனால் அவ்வினைச்சொல்லின் தொடரமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மலையாளத்தில் ஒருவர் மற்றொருவ‘ரோடு’ பெருமாறுகிறார். எதிரில் ஓர் ஆள் வேண்டும். தமிழ் ‘நடத்தை’ தனியே நிற்கும். தமிழிலும் வினையாக வரும்போது ‘என்னிடம் நன்றாக நடந்துகொண்டார்’ என்று எதிராள் வந்துவிடுகிறார். பெயராக்கும்போதே அவர் மறைகிறார். ஆகவே ‘நிறுவனத்தில் நடந்துகொள்ளும் முறை’ என்னும் நீண்ட தொடர் ‘நிறுவன நடத்தை’யைவிடத் தெளிவானது. சுருக்கம் கலைச்சொல்லுக்கு அழகு என்பர். இங்கு அது பொருளின் பாதியை விலையாகக் கேட்கிறது.

அப்பாதி என்ன என்பதைப் புனைகதை காட்டுகிறது. ஜெயமோகனின் ‘அறம்’ (2011) தொகுப்பில் உள்ள ‘நூறு நாற்காலிகள்’ நாயாடிச் சமூகத்திலிருந்து ஆட்சிப்பணிக்கு வந்த ஒருவரைப் பற்றியது. பதவி அவருக்குக் கிடைத்துவிட்டது. விதிகள் அனைத்தும் அவர் பக்கம். எனினும் கீழ்ப்பணியாளர் அவரோடு பழகும் விதத்தில் அப்பதவி கரைந்துபோகிறது. பிச்சையெடுத்து வாழும் தாயோ மகன் நாற்காலியில் அமர்வதையே கண்டு அஞ்சுகிறாள். நிறுவனத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறை பற்றி இதற்கு இணையாக எழுதப்பட்ட பாடநூல் அத்தியாயம் தமிழில் இல்லை. இக்கதையை ஆசிரியரே மலையாளத்தில் ‘நூறு சிம்ஹாசனங்கள்’ என்று ஆக்கினார். நாற்காலிக்கு மலையாளத்தில் ‘கசேர’ என்னும் எளிய சொல் உண்டு. அதனை விடுத்து அரியணை என்றது ஏன்? தமிழ் நாற்காலி அலுவலகப் பொருளாகவே நின்று, கதை வளர வளர அரியணையாகிறது. மலையாளத் தலைப்பு அதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தமிழ்த் தலைப்பின் அடக்கம் சிறந்ததென்றே தோன்றுகிறது. ஆயினும் தாயின் கண்ணில் அது முதலிலிருந்தே அரியணைதான் என்பதால், மலையாளத் தலைப்பு அவள் பக்கம் நிற்கிறது என்று வாதிடவும் இடமுண்டு.

அண்மைக்கால அமைப்புகளுள் எல்லைப்புறப் பெண்களை மிகுதியாகத் தொட்டது 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ. பத்து முதல் இருபது பெண்கள் கொண்ட அதன் அடிப்படை அலகுக்கு ‘அயல்கூட்டம்’ என்று பெயர். ‘அயல்’ மலையாளத்தில் அண்டை வீடு. தமிழில் அயலார் என்பது பெரும்பாலும் வேற்றார். களியக்காவிளைக்கு இப்பால் அதே பெண்ணின் தங்கை ‘சுய உதவிக் குழு’வில் இருக்கிறாள். ஒன்று பக்கத்து வீட்டைச் சுட்ட, மற்றொன்று தன்னையே சுட்டுகிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும் இவ்வாறே இரு பெயர் பெற்றது. கேரளத்தில் அது ‘தொழிலுறப்பு’, தமிழகத்தில் ‘நூறு நாள் வேலை’. முன்னது உறுதியைச் சொல்லிற்று; பின்னது நாள் கணக்கைச் சொல்லிற்று. அரசின் தமிழ்ப்பெயரான ‘வேலை உறுதித் திட்டம்’ மக்கள் வாயில் நில்லாமல், எண்ணே பெயரானது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் வடபகுதியில் பாலராமபுரம் உள்ளது. பாலராமவர்மாவின் (1798–1810) காலத்தில் திவான் உம்மிணித் தம்பியால் குடியேற்றப்பட்ட சாலியர் நெசவாளர் இங்கு வாழ்கின்றனர். குழித்தறியின் பாவு, ஊடை, அவற்றுக்குரிய கூலி, நூல் கொடுக்கும் முதலாளி என அவர்களது பணியுறவுச் சொற்கள் பெரும்பாலும் இரு மொழிக்கும் பொது. மொழிபெயர்ப்பே தேவைப்படாத இத்துறையில் மனிதவளம், நிறுவன நடத்தை என்பன நுழைய வாயிலே இல்லை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் என்னும் நிறுவனம் வந்தபின் அதன் பதிவேடுகள் வழியாகவே அலுவலக மலையாளம் தறிமேடைக்கு வந்தது. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியாகத் திரும்பப் பெறும் பழைய உறவில் சுரண்டல் இருந்தது. ஆனால் அதனைக் குறித்துச் சண்டையிடத் தேவையான சொற்கள் நெசவாளர் கையில் இருந்தன. பதிவேட்டின் சொற்கள் அவர் கையில் இல்லை.

விண்ணப்ப நடை பற்றிக் கேரளத்தில் அண்மையில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்கள் இங்குக் குறிக்கத்தக்கவை. 2021இல் பாலக்காட்டு மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்னும் விளிகளை நீக்கியதோடு, விண்ணப்பங்களில் ‘அபேக்ஷிக்குன்னு’ என்பதற்குப் பதிலாக உரிமை கோரும் ‘அவகாசப்பெடுன்னு’ என்று எழுதலாம் எனத் தீர்மானித்தது. 2023இல் மாநில அரசு விண்ணப்பப் படிவங்களிலிருந்து ‘தாழ்மையாயி’ என்னும் அடைமொழியை விலக்கப் பணித்தது. தமிழ் விண்ணப்ப நடையில் ‘தாழ்மையுடன்’, ‘பணிவுடன்’ என்பன இன்றும் பழகிய சொற்கள். மார்த்தாண்டத்தில் படித்துப் பாறசாலையில் வேலை பார்க்கும் ஒருவர், திருவனந்தபுரத்துத் துறைத் தலைவருக்குத் தமிழில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். அதனை மலையாளத்தில் பெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தால், அரசே விலக்கிய தாழ்மையை ஒரு தமிழரின் பெயரில் மட்டும் மீண்டும் கோப்பில் ஏற்றுகிறார். ‘தாழ்மையுடன்’ என்பது அங்குப் பொருள் தரும் சொல் அன்று; தமிழ் விண்ணப்பத்தின் மரபு உறுப்பு. மலையாள விண்ணப்பத்தில் அவ்வுறுப்பு நீங்கிவிட்ட நிலையில், ‘அபேக்ஷிக்குன்னு’ என்று மட்டும் எழுதுவதே சரியான பெயர்ப்பு. மறுமொழியைத் தமிழாக்கும் அலுவலரும் ‘தாங்கள் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டபடி’ என்று தொடங்காமல், ‘தாங்கள் கோரியபடி’ என்று தொடங்கலாம்.